வீடுபேறும் மனிதமாக்கமும்

பிறர் மதத்தை ஆராயப் புகுவார், அம்மதத்தார் தம் கொள்கையை எவ்வாறு நிறுவினரோ அவ்வாறே முதற்கண் எடுத்தோதிப் பின்னரே அதன் குணங்குற்றங்களை ஆராய்தல் நூன்மரபு. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்துள் உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை இம்முறையானே எடுத்து ஆராய்ந்தார். அப்பதினான்கனுள் கிறித்து மதம் இல்லை. அக்காலத்துத் தமிழ்நாட்டு வாதக்களத்தில் அது வந்து நின்றிலது. பிற்காலத்து ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1854ஆம் ஆண்டிலே சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டு, சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு அவர்தம் விவிலிய நூலினின்றே விடை கூறினார். விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்றவராதலின், நாவலரவர்கள் அந்நூலை அறியாது மறுத்தாரென்று கூறுவார்க்கு இடமில்லை. ஆயினும் அவ்வாதம் பெரும்பாலும் கிரியைகளைப் பற்றியும் புராணங்களைப் பற்றியும் நிகழ்ந்தது. அறம் யாது, அதற்கும் வீட்டிற்கும் உள்ள இயைபு யாது என்னும் வினா இருதிறத்தாரிடையும் நன்கு எழுந்திலது. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கிறித்துவர் ஒருவர் பழைய திருவிதாங்கூர் நாட்டிலே தோன்றினார். அவரே எம். எம். தாமசு என வழங்கும் மடத்தில்பறம்பில் மாம்மன் தாமசு என்பார். அவர் கொள்கையை ஈண்டு ஆராய்வாம்.

இவர் 1916ஆம் ஆண்டு நடுத்திருவிதாங்கூரில் மார்த்தோமா சபைக் குடும்பத்திற் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இரசாயன நூல் பயின்று பட்டம் பெற்றார். சமய நூலை எக்கல்லூரியினும் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவரல்லர். தாமே கற்றுத் தாமே தெளிந்தவர். இளமையில் காந்தியடிகளின் நெறியிலும், பின்னர்க் காரல் மார்க்சு என்பாரின் நூல்களிலும் ஈடுபட்டார். அந்நாளில் இவர்க்கு நேர்ந்ததொன்று இன்றும் எடுத்துச் சொல்லப்படுகின்றது. தம் சபையில் குருப்பட்டம் பெற விண்ணப்பித்தார். பொதுவுடைமைச் சார்பினரென்று சபையார் ஏற்றிலர். பொதுவுடைமைக் கட்சியில் சேர விண்ணப்பித்தார். கிறித்துவ நம்பிக்கை உடையரென்று கட்சியாரும் ஏற்றிலர். இருவாயிலும் அடைபட்ட ஒருவர் இரண்டற்கும் நடுவே நின்று கூறியனவே பின்னர் அவருடைய நூல்களாயின என்னலாம்.

அதன்பின் ஜெனீவா நகரில் உலகக் கிறித்துவ மாணவர் கூட்டுறவிற் பணிசெய்தார். 1953, 1954ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கு நகரத்து யூனியன் வேதபாடசாலையில் தங்கினார். ரைன்ஹோல்டு நீபர் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் கருத்துக்கள் இவருள்ளத்தே வேரூன்றின. தமிழரும் மாயைக் கொள்கை குறித்து ஆராய்ச்சி நூல் எழுதியவருமாகிய பி. டி. தேவானந்தன் என்பார் பெங்களூரில் நிறுவிய சமய, சமுதாய ஆராய்ச்சிக் கழகத்திற்கு, அவர் 1962இல் மறைந்தபின் இவரே தலைவராகி 1975 வரை நடத்தினார். 1966இல் ஜெனீவாவிற் கூடிய சபையும் சமுதாயமும் பற்றிய உலக மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1968 முதல் 1975 வரை உலகச் சபைகள் மன்றத்தின் நடுவண் குழுவிற்குத் தலைவராயிருந்தார். குருப்பட்டம் மறுக்கப்பட்டவர் உலகத்துச் சபைத் தலைவர்கட்கெல்லாம் தலைவராய் வீற்றிருந்தது வியப்பே. 1975இல் இந்திய நாட்டில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபொழுது அதனை வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார். 1990இல் நாகாலாந்தின் ஆளுநரானார். 1992இல் முதலமைச்சரின் அறிவுரையை ஏற்றுச் சட்டமன்றத்தைக் கலைத்தமைபற்றி நடுவண் அரசோடு மாறுபாடு நேரப் பதவியினின்று நீக்கப்பட்டார். இறுதி நாட்களில் திருவல்லையில் அமர்ந்து விவிலிய நூல்களுக்கு மலையாளத்தில் உரைகள் பல வரைந்து, 1996இல் மறைந்தார். வரலாறு இவ்வளவே அமையும், கொள்கைக்குச் செல்வாம்.

1971இல் வெளிவந்த சிறுநூலொன்றில் இவர் எடுத்துக்கொண்ட பொருள் மீட்பும் மனிதமாக்கமும் என்பது. மனிதமாக்கம் என்பது, மனிதனாய்ப் பிறந்தும் மனிதனாக மதிக்கப்படாதான் தன்னை மனிதனென்று உணர்ந்து நிமிர்ந்து நிற்றலும், பிறர் அவனை அவ்வாறு ஏற்றலுமாம். ஆசிய நாடுகளில் அடிமைப்பட்ட இனத்தாரும் ஏழைகளும் தாழ்த்தப்பட்ட குலத்தாரும் பெண்டிரும் எழுந்து கேட்ட உரிமையின்கண் இறைவன் செயல் உண்டென்பது தாமசர் துணிபு. ஆதலின் மறுமை வீட்டைப் பற்றி மட்டும் பேசி இவ்வெழுச்சியைப் பாராதிருத்தல் மீட்பைப் பாதியாக்குதலென்றார். அங்ஙனம் கூறினும், மனிதமாக்கமே மீட்பென்று கூறினாரல்லர். இதனை அவரை மறுத்தாருட் பலர் கவனித்திலர். விடுதலை பெற்ற இனமும் வகுப்பும் தம்மையே நீதியின் வடிவமென்று கருதத் தொடங்கிய அன்றே புதிய கொடுங்கோன்மை தோன்றுகின்றதென்றும், அத்தற்செருக்கைச் சட்டத்தால் அடக்கலாமேயன்றி அறுத்தல் இயலாதென்றும், மன்னிப்பாகிய அருளொன்றே அதனை அறுக்குமென்றும் அவர் எழுதினார். சட்டம், அதிகாரம், நீதி என்பன வேண்டும், அவை போதா. இவ்விரண்டு சொற்களுக்கிடையே அவருடைய அறக்கொள்கை முழுவதும் அடங்கும்.

இந்நூலை மறுத்தெழுந்தவர் லெஸ்லி நியூபிகின் என்னும் ஆங்கிலப் பேராயர். இவர் காஞ்சிபுரத்தில் தங்கித் தமிழ் பயின்றவர். அங்கு இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடமர்ந்து ஒருமுறை யோவான் எழுதிய சுவிசேடமும் ஒருமுறை சுவேதாசுவதர உபநிடதமுமாக மாறி மாறி வாசித்தவர். சைவ ஆசிரியர்கள் பெரிதும் மேற்கோளாகக் கொள்ளும் அவ்வுபநிடதம் ஒரு கிறித்துவப் பேராயரின் கல்விக்கும் துணையாயிற்று என்பதை இடையே குறித்தல் தகும். நிற்க. கிறித்துவைத் தம் உள்ளத்தில் ஏற்றோர் தாம் பிறந்த சமய சமுதாயத்தை விட்டு நீங்காமலே அவனடியாராய் வாழலாமென்றும், சபைக்குப் புறத்தேயும் அவனை நடுவாகக் கொண்ட கூட்டுறவு அமையலாமென்றும் தாமசர் கூறினார். ஒருவன் பற்றும் நம்பிக்கை கண்ணுக்குப் புலனாகும் ஒரு கூட்டத்தின்வழி நில்லாதாயின் அது நம்பிக்கையாகாதென்று நியூபிகின் மறுத்தார். இருவரும் எழுத்தாலே நெடிது வாதித்தும் ஒருவர் மற்றவரை வென்றாரில்லை.

இனி, நாஞ்சில்நாட்டார்க்கு இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதொன்றன்று. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரின் பகுதியாயிருந்தது. தாமசர் மனிதமாக்கம் எனக் குறிப்பதற்கு உதாரணங்கள் இந்நாட்டு வீதிகளிலேயே கிடக்கின்றன. தாழ்குலத்தாரெனப்பட்ட மகளிர் மேலாடை அணிதற்கு உரிமை வேண்டிப் பல்லாண்டு போராடியதும், 1855இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், 1859இல் மேலாடைக்கு அரசாணை பிறந்ததும், சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் தலைப்பாகை அணிந்து வழிபடுமாறு தம் மக்களைப் பணித்ததும், 1926இல் சுசீந்திரத்தில் கோயில் வீதிகளில் எல்லோரும் நடத்தற்கு உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் எழுந்ததும், 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்ததும் இந்நாட்டு வரலாறு. இவற்றுள் வைகுண்டர் இயக்கமும் சுசீந்திரத்துப் போராட்டமும் கிறித்துவ சபைக்குப் புறத்தே நிகழ்ந்தன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றிற்கெல்லாம் முன்னே நிகழ்ந்ததொன்றைச் சைவர் பெரும்பாலும் பேசுவதில்லை. மயிலாடியிற் பிறந்த மகாராசன் என்பார் தில்லைக்கு யாத்திரை சென்றார். பறையர் எனப்பட்ட குலத்தவர். சிதம்பரத்தில் மனநிறைவு பெறாது திரும்பும் வழியிலே தஞ்சையில் கிறித்து நெறியைத் தழுவி வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டு ஊர் மீண்டார். அவர் அழைப்பின் பயனாக ரிங்கல்தௌபே என்னும் செர்மானியப் பாதிரியார் 1806இல் இந்நாட்டிற்கு வந்தார். மயிலாடியில் கோயில் எழுந்தது. நந்தனார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் ஓதிக் கண்ணீர் பெருக்குவார் பலர் உளர். அந்நந்தனார் குலத்தவராய் அத்தில்லைக்கே சென்ற இம்மகாராசனார் யாது காரணத்தால் வறிதே மீண்டாரென்று வினவுவார் அருகியே உளர். தாமசர் நூல்களைக் கற்றலால் சைவர்க்கு உண்டாகும் முதற் பயன் இவ்வினா எழுதலேயாம்.

இனி அக்கொள்கையின்கண் உள்ள குறைகளை ஆராய்வாம்.

தாமசர் நூல்களுட் சிறந்ததெனப் பலரும் கொண்டாடுவது, இந்திய மறுமலர்ச்சி ஏற்றுக்கொண்ட கிறித்து என்னும் பொருள்பட 1969இல் வெளிவந்த நூல். இராமமோகனர், கேசவசந்திரர், விவேகானந்தர், இராதாகிருட்டிணர், காந்தியடிகள் என்று இவ்வரிசையில் இந்து மத சீர்திருத்தத் தலைவர்கள் கிறித்துவை எவ்வெவ்வாறு உணர்ந்தனரென்று அந்நூல் ஆராய்கின்றது. ஆராய்ச்சி நுணுக்கமானதே. ஆயினும் இந்து மதமென்று இவர் கண்டது வங்கத்து நவவேதாந்தமும் அதன் கிளைகளுமே. தென்னாட்டுச் சைவத்திற்கென அதிகாரம் ஒன்றில்லை. சாதி சமய வேறுபாட்டை மறுத்து 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகளுக்கு அவ்வரிசையில் இடம் கிடைத்திலது. இவருடைய ஊருக்குத் தெற்கே, அதே அரசின்கண்ணே, மேற்கூறிய வைகுண்டர் இயக்கம் தழைத்திருந்தது, அதற்கும் அவ்வாறே. மறுமலர்ச்சி கல்கத்தாவில் ஆங்கிலம் கற்றார் வீட்டில் மட்டும் பிறந்ததன்று.

இக்குறை வரலாற்றளவில் நில்லாது கொள்கையையும் தாக்குகின்றது. உலகம் பொய்த்தோற்றமெனக் கொண்டார்க்கு உலகத்து அறம் முடிவான பொருளுடையதாகாது; ஆதலின் இந்து மதம் வரலாற்றையும் தனிமனிதனையும் மெய்யென ஏற்றற்குத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளல் வேண்டிற்று என்பது தாமசரும் அவர்க்கு முன் தேவானந்தனாரும் நின்ற நிலை. மாயாவாதத்திற்கு இது பொருந்துமாயினும் பொருந்துக. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகிற்கு முதற்காரணம். உயிர்கள் பல, அவை ஒருகாலும் அழிவனவல்ல. உலகம் படைக்கப்பட்டது உயிர்கள் மலம் நீங்கிப் பக்குவமுறுதற் பொருட்டு. எனவே உடம்பும் ஊரும் அரசும் அறத்திற்குக் களமாதல் சித்தாந்தத்திற்குப் புறத்தேயிருந்து வந்த புதுச்சரக்கன்று. தேவானந்தனார் சென்னைத் தமிழராயிருந்தும் மாயையை ஆராய்ந்தவிடத்துச் சங்கரர் மாயையையே கண்டார்போலும்.

அற்றேல், அவ்வுண்மையைக் கொண்ட சைவர் நாட்டிலே சுசீந்திரத்து வீதி ஏன் அடைபட்டிருந்தது என வினவின், இவ்வினா நேரியது. இதற்கு நழுவி விடைகூறுதல் ஆகாது. வினைப்பயனாகவே இழிந்த பிறப்பு வந்தது, அதனை மாற்ற முயலுதல் இறைவன் ஆணைக்கு மாறென்று கூறி வீதியை அடைத்தவர் பலர். இது சித்தாந்தமன்று. வினை சடமாதலின் தானே பயன் தராது. அறிவித்து ஊட்டுவான் ஒருவன் வேண்டும். அவன் இறைவனே என்பதன்றோ சித்தாந்தம்? ஊட்டுதற்கு ஊராரை அவன் நியமித்தானென்பதற்கு ஆகமப் பிரமாணம் யாது? நோயும் வினைப்பயனே, மருத்துவன் மருந்து கொடுத்தலை எவரும் தடுத்திலர். பிறனொருவன் வினையைத் தான் ஊட்டுவிப்பேனென்று எழுவான் இறைவன் தொழிலைத் தன்மேலிட்டுக்கொண்டு தனக்கு ஆகாமியம் ஈட்டுகின்றான். பக்குவம் வரவில்லை என்று சொல்லிக் கோயிற் கதவைச் சார்த்தியவர்க்கும் இதுவே விடை. பிறர் பக்குவத்தை அளந்தறிதல் சத்திநிபாதம் செய்வானுக்கே உரியது. தாமசர் வினைக்கொள்கையின்மேல் ஏற்றும் குற்றம் கொள்கைக்கு அன்று, கொண்டவர்க்கு ஆம். ஆயினும் கொண்டவர் அத்துணைக் காலம் அத்துணைப் பெரும்பாலாராய் அவ்வாறு கொண்டனரெனின், கொள்கையைக் கற்பித்தார் விழிப்பாயிருந்திலர் என்பதும் உடன்பெறப்படும்.

இக்குற்றம் சைவர்க்கே உரியதுமன்று. மலையாளத்துச் சிரியக் கிறித்துவர் புலையர் முதலாயினாரைத் தம் சபையிற் சேர்த்தும் தம்மொடு ஒப்ப நடத்திலர். பொய்கையில் யோகன்னான் என்பார் தாமசரின் மார்த்தோமா சபையிலேயே சேர்ந்திருந்து, அங்கும் சாதி வேற்றுமை கண்டு வெளியேறி, பின்னர் 1909இல் பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபையை நிறுவினார். சபை தன் தற்செருக்கை அறியாதென்று தாமசர் கூறியது தம் வீட்டு முற்றத்தில் கண்டறிந்த உண்மையென்றே கொள்ளல் வேண்டும்.

தற்செருக்கைப் பற்றி அவர் கூறுவனவே சித்தாந்திகள் பெரிதும் போற்றத்தக்க பகுதி. தன்னையே நடுவாக வைத்து யாவற்றையும் காணும் உயிர்க்குற்றத்தை ஆதாமின் வீழ்ச்சியினின்று வந்ததென அவர் மதத்தார் கொள்வர். சித்தாந்தம் அதனை ஆணவம் எனக் கொண்டு, செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரோடு உடன்நிற்பதென்னும். தோற்றம் பற்றிய இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் நல்வினை செய்தலானே அது நீங்காது, நல்வினை செய்தேமென்னும் எண்ணமே அதற்கு உணவாம், அருளொன்றே அதனை நீக்கும் என்னும் அளவில் இருவரும் உடன்படுகின்றனர். தாமசர் இதனினும் ஓரடி மேற்செல்கின்றார். தனியொருவனுக்கு மட்டுமன்றி நாட்டிற்கும் வகுப்பிற்கும் சபைக்கும் இத்தற்செருக்கு உண்டென்றும், நல்லாரெனப்பட்டாரும் கூட்டமாய்ச் சேர்ந்தவிடத்துத் தனித்து நாணுவனவற்றை நாணாது செய்வரென்றும், நீபரின்வழி நின்று விளக்கினார். சித்தாந்த நூல்கள் ஆணவத்தைப் பெரும்பாலும் ஓருயிர்மேல் வைத்தே பேசுகின்றன. ஆனால் ஆணவ மலம் பொருளால் ஒன்றே, அதன் சத்திகள் பலவாய் உயிர்தோறும் மறைத்து நிற்குமென்று அந்நூல்களே கூறுதலின், ஊர் முழுவதும் ஒரே இருளில் நின்று ஒரே தீமையை நன்மையென்று காணுதற்கு இக்கொள்கையில் இடமுண்டு. சுசீந்திரத்து வீதியை அடைத்து நின்றாருட் பலர் தனித்தனியே ஈகையும் இரக்கமும் உடையரே. ஆணவத்தின் இக்கூறு விரித்துரைக்கப்படாது கிடக்கின்றது. உரைகாண்பார் இதனைக் கைக்கொள்ளலாம்.

இனித் தாமசர் கொள்கையில் நிரம்பாத இடமொன்று உண்டு. எச்சமயத்தையும் அது மனிதமாக்கத்திற்கு எவ்வளவு உதவிற்றென்னும் அளவுகோலாலேயே அவர் அளக்கின்றார். அவ்வளவுகோலைத் தந்தது கிறித்துவோ, அன்றி இக்காலத்து மேனாட்டு மனிதநேயக் கொள்கையோ என்பது அவர் நூல்களில் எப்பொழுதும் தெளிவாயில்லை. இரண்டும் ஒத்துவருமிடத்தில் இடர் இல்லை. ஒவ்வாதவிடத்து எது முந்தும்? கோயிலை மெழுகுதலும் பூத்தொடுத்தலும் திருவிளக்கேற்றுதலுமாகிய சரியையை இவ்வளவுகோல் அளக்கமாட்டாது. திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முன்றில் புல் செதுக்கினார். அவரே பல்லவ மன்னன் ஏவலர் வந்து அழைத்தபோது அஞ்சாது நின்றார். இவ்விரண்டும் இரு செயல்களல்ல. புல் செதுக்கித் தன்னைத் தாழ்த்திய கையே அரசன் முன் தாழாது நின்றது. 1975இல் அரசினது அச்சுறுத்தலைக் கண்டு பலர் வாய் மூடியிருப்பத் தாமசர் எழுதுகோல் எடுத்தமைக்கும் அவர் நாடோறும் செய்த வழிபாடே வேராயிருந்திருக்கலாம். ஆயினும் அவருடைய கொள்கையில் வழிபாட்டிற்கு உரிய இடம் சுருங்கியே காணப்படுகின்றது. செயலுக்குரிய இடமோ பரந்துள்ளது.

எஞ்சியது, பெயர் பற்றிய ஆசங்கை. இந்திய நாட்டுப் பெரியோர் அறஞ்செய்தவிடத்தெல்லாம் கிறித்துவின் செயலே காண்பது பிறர் விளைத்ததைத் தம் களஞ்சியத்திற் சேர்ப்பதாகாதோ என்று சைவர் வினவக்கூடும். ரேமண்டு பணிக்கர் என்பார் 1964இல் இந்து மதத்துள் அறியப்படாது நிற்கும் கிறித்துவைப் பற்றி நூலெழுதியபோதும் இவ்வினா எழுந்தது. வினா நியாயமானதே. ஆயின் வினவுவார் சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வினவுதல் நன்று. எத்தெய்வத்தை ஒருவன் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருளுவான் அம்மையொருபாகனே என்று அங்கே ஆசிரியர் அருளியிருக்கின்றார். கிறித்துவை வழிபடுவானுக்கு அருளுவான் சிவனென்று சைவன் கூறலாமெனின், சிவனை வழிபடுவான் செயலிற் கிறித்துவைக் கண்டாரை அவன் எவ்வாறு வெகுள்வது? வழக்கு இருபாலும் ஒன்றே. பெயர் மட்டும் மாறிற்று.

அச்சூத்திரத்திலேயே சில செய்யுள் கடந்து, அரன் திருவடியை மறந்து செய்யும் அறங்களெல்லாம் பயனில் செயலென்றும் கூறப்படுகின்றது. முன்னதைக் கண்டார் தாமசரின் பக்கத்தராகத் தோன்றுவர். பின்னதைக் கண்டார் நியூபிகினின் பக்கத்தராகத் தோன்றுவர். கடவுட்பெயர் கூறாது சுசீந்திரத்து வீதியில் அடியுண்டு நின்றான் செய்தது அறமோ, வீண்செயலோ? மறத்தலென்பது பெயரை மறத்தலோ, அன்றி யான் செய்தேனென்னும் முனைப்பால் மறைப்புண்ணுதலோ? முன்னதாயின் அவ்வீதியில் நின்றாருட் பலர் செயல் வீணாம். வீதியை அடைத்தவாறே நாடோறும் அரன் பெயரைச் சொன்னார் செயல் அறமாம். இம்முடிபு ஆசிரியர் கருத்தாதல் செல்லாது. ஆதலின் பின்னதே பொருளெனக் கோடல் வேண்டும். எல்லா அறங்களும் உயிர்கள்மேல் இரங்கும் இறைவனது பணியே என்று அதே பகுதியின்கண் கூறப்படுவதும் இதற்கே இயைகின்றது. மடங்களிலும் சங்கங்களிலும் சித்தியார் பாடஞ் சொல்லுவார் இச்செய்யுட்கள் மூன்றையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறாகச் சொல்லிச் செல்லாமல் ஒருங்கு வைத்துப் பொருள் விரித்தற்குத் தாமசர் வாதம் நல்லதோர் ஏதுவாகும்.

தாமசரின் ஆங்கில நடை பற்றி ஒரு சொல். அது கடினமானது. மாநாட்டுத் தீர்மானங்களின் நடை அவர் நூல்களுட் பலவற்றிற் புகுந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் மூன்று கொள்கைகளை அடுக்கிச் செல்வார். இறுதி நாட்களில் மலையாளத்தில் எழுதிய உரைகளில் அக்கடுமை நெகிழ்ந்துள்ளது. மூலநூலின் சொல்லைப் பற்றிக்கொண்டு அதன்வழியே நடத்தல் உரையாசிரியர்க்கு இயல்பாகலின் போலும். அவர் கொள்கையை அறிய விழைவார், மலையாளம் அறிந்தாராயின், அவ்வுரைகளிலிருந்தே தொடங்குக.